மின் ஒற்றைச்சக்கரத்தின் வலிமையை எதைக்கொண்டு ஒப்பிடுவது?

இரண்டு மின் ஒற்றைச்சக்கரங்களை அருகருகே நிறுத்தினால், எது வலுவானது என்ற கேள்விக்கு விவரப்பட்டியலே விடை சொல்லிவிடும் என்று தோன்றும். இன்மோஷன் வி11-இல் 2200 வாட் மோட்டார். வெட்டரன் ஷெர்மனில் 2500. கிங்சாங் எஸ்22-இல் 3300, இன்மோஷன் வி13-இல் 4500. எண்கள் ஏறுவரிசையில் நிற்கின்றன. ஆனால் இவற்றை மாறி மாறி ஓட்டுபவர்களின் தீர்ப்பு அந்த வரிசையில் நிற்பதில்லை. வாட் குறைந்த ஒரு சிறு சக்கரம் காலடியில் துடிப்பாக இருக்கிறது என்பவரே, அதைப்போல் இரு மடங்கு வாட் கொண்ட பெரிய சக்கரத்தை மந்தம் என்கிறார். எது உண்மையான அளவுகோல் என்ற கேள்வி, இந்த வண்டி கடைக்கு வந்த நாளிலிருந்தே தொடர்கிறது. இதுவரை சொல்லப்பட்ட விடைகள் எங்கிருந்து பிறந்தன, எங்கே தடுமாறுகின்றன என்று பார்ப்பதே இக்கட்டுரையின் வேலை.

கேள்வி பிறந்த இடம்

தானே சமநிலை காக்கும் வண்டியை 2001 டிசம்பரில் டீன் கேமன் செக்வே மூலம் உலகுக்குக் காட்டினார். அது இரு சக்கரங்களும் கைப்பிடியும் கொண்டது. அதே தத்துவத்தை ஒற்றைச் சக்கரத்துக்குள் அடக்க 2000-களில் சில பொறியாளர்கள் முயன்றார்கள். அமெரிக்காவின் வாஷிங்டன் மாநிலத்தைச் சேர்ந்த ஷேன் சென், இருக்கையும் கைப்பிடியும் இல்லாமல், இருபுறமும் பெடல் வைத்த சோலோவீலை 2011-இல் விற்பனைக்குக் கொண்டுவந்தார். இன்று நாம் காணும் வடிவம் அதிலிருந்து வந்தது. அடுத்த சில ஆண்டுகளில் சீனத் தொழிற்சாலைகள் 350 வாட் மோட்டாரும் 132 வாட்-மணி பேட்டரியும் பொருத்திய மலிவு நகல்களைக் குவித்தன.

வலிமை பற்றிய கவலை அந்த நகல்களில்தான் தொடங்கியது. அதற்குக் காரணம் இயந்திரத்தின் அமைப்பிலேயே இருக்கிறது. இங்கே ஒரே மோட்டார் இரண்டு வேலை செய்கிறது: ஓட்டுபவரை முன்னே தள்ளவும் வேண்டும், அவர் முன்பக்கம் விழாமல் பெடலைத் தாங்கிப்பிடிக்கவும் வேண்டும். ஸ்கூட்டரில் இழுவை போதாவிட்டால் வண்டி மெதுவாகும், அவ்வளவுதான். ஒற்றைச்சக்கரத்தில் இழுவை தீர்ந்துபோனால் பெடல் முன்னே கவிழும், ஓட்டுபவர் முகம்குப்புற விழுவார். எனவே தொடக்கக் காலத்தில் ‘பவர் அதிகம்’ என்றால் ‘கவிழாது’ என்றே பொருள். பின்னர் நைன்பாட், கோட்வே (இன்றைய பிகோட்), கிங்சாங், இன்மோஷன் ஆகிய நிறுவனங்கள் போட்டிபோட்டு எண்களை ஏற்றியபோது அதே சொல் வேகத்தையும், பாய்ச்சலையும், ஏற்றம் ஏறும் திறனையும், காலடி உணர்வையும் குறிக்கத் தொடங்கிவிட்டது. ஒரு சொல்லுக்குள் ஐந்து கேள்விகள் புகுந்ததே குழப்பத்தின் வேர் என்பது என் கருத்து.

வாட் கணக்கு

மிகப் பழைய விடை வாட். எளிது, பெட்டியின் மேலேயே அச்சிட்டிருக்கும். ஆனால் அந்த எண் எதைக் குறிக்கிறது? மோட்டார் அளவுக்கு மீறிச் சூடாகாமல் தொடர்ந்து தரக்கூடிய திறனையே பெயரளவு வாட் குறிக்க வேண்டும். மின்கார்களின் மோட்டார் திறனை அளக்க ஐ.நா. ஒழுங்குவிதி 85 இருக்கிறது. 30 நிமிடம் தாக்குப்பிடிக்கும் திறனை அது தனியாக அளக்கச் சொல்கிறது. இந்தியாவில் பதிவு தேவைப்படாத மின் இருசக்கர வண்டிகளுக்கான 250 வாட் வரம்பும் 30 நிமிடத் திறனை வைத்தே சொல்லப்படுகிறது. ஒற்றைச்சக்கர உலகில் அப்படி எல்லாரும் ஏற்ற அளவீடு கிடையாது. ஒரு நிறுவனத்தின் 2500-ஐ இன்னொரு நிறுவனத்தின் 3300-உடன் ஒப்பிடுவது, வெவ்வேறு படியில் அளந்த அரிசியை ஒப்பிடுவது போலத்தான்.

ஒரே படியில் அளந்திருந்தாலும் வாட் நம் கேள்விக்கு விடை தராது. திறன் என்பது விசையையும் வேகத்தையும் பெருக்கி வருவது. ஓட்டுபவரும் வண்டியுமாக 100 கிலோ என்று கொள்வோம். 300 நியூட்டன் தள்ளுவிசை கிடைத்தால் நொடிக்கு நொடி 3 மீட்டர் வீதம் வேகம் கூடும், அது நல்ல பாய்ச்சல். இதே தள்ளுவிசைக்கு 18 கி.மீ. வேகத்தில் 1500 வாட் போதும், 36-இல் 3000 வேண்டும், 54-இல் 4500. முதுகில் உணரும் உந்துதல் மூன்று இடத்திலும் ஒன்றே. உடல் உணர்வது விசையை. வாட் அதனுடன் வேகத்தையும் சேர்த்தே கணக்கிடுகிறது.

வாட் கணக்கு உண்மையில் பொருள்படும் இடம் காற்று. நின்றபடி ஓட்டும் மனித உடல் காற்றுக்குப் பெரிய தடுப்பு. உடலின் காற்றுத்தடைப் பரப்பை 0.6 சதுர மீட்டர் என்று கொண்டால், 25 கி.மீ. வேகத்தில் காற்றைக் கிழிக்க ஏறத்தாழ 120 வாட் போதும். 50-இல் அது 1000 வாட்டை நெருங்குகிறது, 75-இல் 3200-ஐத் தாண்டுகிறது. வேகத்தின் மும்மடிப் பெருக்கில் ஏறும் செலவு இது. பிரான்சிலும் சிங்கப்பூரிலும் இருப்பதுபோல 25 கி.மீ. வரம்புக்குள் ஓட்டுபவருக்கு 4500 வாட்டின் பெரும்பகுதி, திடீர்ப் பள்ளத்தில் சக்கரம் தடுமாறும்போது உதவும் கையிருப்பாக மட்டுமே இருக்கும். அந்தக் கையிருப்பை வேண்டாம் என்று நான் சொல்லமாட்டேன். ஆனால் அதை ஓட்டும் சுகம் என்று விற்பது சரியில்லை.

வோல்ட் கணக்கு

இரண்டாவது விடை பேட்டரியின் மின்னழுத்தத்தைப் பிடித்துக்கொண்டது. லித்தியம் செல் ஒன்று முழுதாகச் சார்ஜ் ஏறினால் 4.2 வோல்ட். 16 செல்லைத் தொடராக இணைத்தால் 67.2 வோல்ட், 20-க்கு 84, 24-க்கு 100.8, 30-க்கு 126, 32-க்கு 134.4, 36-க்கு 151.2. பத்தாண்டுகளின் வளர்ச்சியே இந்த எண்வரிசையில் இருக்கிறது: பழைய 16 செல் வண்டிகளிலிருந்து வெட்டரன் லின்க்ஸின் 36 செல் வரை.

இந்தத் தரப்பின் வாதத்துக்கு அடித்தளம் உறுதியானது. சுழலும் மோட்டார் தானும் ஒரு டைனமோதான்; வேகம் கூடக்கூட அது எதிர்மின்னழுத்தத்தை உண்டாக்குகிறது. பேட்டரியின் வோல்ட்டுக்கும் இந்த எதிர் வோல்ட்டுக்கும் உள்ள இடைவெளிதான் மோட்டாருக்குள் மின்னோட்டத்தைத் தள்ளுகிறது. வேகம் ஏற இடைவெளி சுருங்கும், கிடைக்கும் முறுக்குவிசையும் சுருங்கும். தரையைத் தொடாமல் தூக்கிப் பிடித்துச் சுழலவிட்டால் ஒரு வேகத்தில் இடைவெளி ஏறக்குறைய மறைந்துவிடும். அதை ‘ஃப்ரீ ஸ்பின்’ வேகம் என்கிறார்கள். அந்த வேகத்தில் சக்கரத்தால் யாரையும் தாங்க முடியாது. ஆகவே ஓட்டும் வேகம் அதற்கு எவ்வளவு கீழே இருக்கிறது என்பதே பாதுகாப்பின் அளவு.

இந்த விடையின் பலவீனம், முழுச் சார்ஜ் எண்ணையே பேசுவது. செல் 3.3 வோல்ட்டுக்கு இறங்கும்போது 100.8 வோல்ட் பேட்டரி 79.2-க்கு வந்துவிடுகிறது. காலையில் 100 கி.மீ. ஃப்ரீ ஸ்பின் காட்டிய சக்கரம் மாலையில் 79 கூடக் காட்டாது. கடுமையாக முடுக்கும்போது ஏற்படும் வோல்ட் சரிவு இதற்கு மேல் வரும். அந்தச் சரிவைத் தீர்மானிப்பது செல்லின் வகை. சாம்சங் 50இ, 50எஸ் இரண்டும் 5000 மில்லி ஆம்பியர்-மணிக் கொள்ளளவு கொண்டவை. தொடர்ந்து எடுக்கக்கூடிய மின்னோட்டமோ முன்னதில் 9.8 ஆம்பியர், பின்னதில் 25. வெளியே ஒரே வாட்-மணி, உள்ளே வேறு குணம். பாதி சார்ஜுக்குக் கீழே வண்டி ‘தளர்ந்துவிட்டது’ என்று ஓட்டுபவர்கள் சொல்வதில் மிகை இல்லை.

காயில் கணக்கு

2010-களின் இறுதியிலிருந்து விவாதம் மோட்டாரின் சுற்றுக்கு நகர்ந்தது. இதற்கு மிகத் தெளிவான எடுத்துக்காட்டு பிகோட் ஆர்எஸ். ஒரே உடல், ஒரே பேட்டரி, ஒரே டயர் அளவு, ஆனால் இரண்டு மோட்டார்கள்: அதிவேக வகையான சி30, அதிமுறுக்கு வகையான சி38. வண்டியின் மற்ற எல்லாம் மாறாமல் ஒன்று மட்டும் மாறும் இப்படிப்பட்ட சோதனை ஆய்வாளருக்கு எளிதில் வாய்க்காது.

மோட்டார் காயில் கட்டும் பட்டறைக்காரருக்கு இதன் கணக்கு பழக்கமானது. கம்பியை மெலிதாக்கிச் சுற்றுகளைக் கூட்டினால் ஒவ்வொரு ஆம்பியருக்கும் கிடைக்கும் முறுக்குவிசை கூடும். அதே அளவுக்கு எதிர் வோல்ட்டும் சீக்கிரம் ஏறி உச்ச வேகம் குறையும். கியர் இல்லாத இந்த வண்டியில் சுற்றுகளின் எண்ணிக்கையே கியர் விகிதத்தின் வேலையைச் செய்கிறது. ஆகவே மேட்டுப் பகுதியில் வாழ்பவருக்கு அதிமுறுக்கு, சமவெளியில் பறப்பவருக்கு அதிவேகம் என்ற சூத்திரம் நிலைத்தது.

சூத்திரம் பாதி சரி. அதிமுறுக்கு மோட்டார் ‘அதிகம் சூடாகாது’ என்று சொல்லப்படுவதைக் கவனமாகப் பார்க்க வேண்டும். காயில் அமரும் இடத்தில் செம்பின் மொத்த அளவு ஒன்றாக இருந்தால், சுற்று இரட்டிக்கும்போது தடை நான்கு மடங்காகும், தேவைப்படும் மின்னோட்டம் பாதியாகும். வெப்பம் மின்னோட்டத்தின் இருமடியையும் தடையையும் பெருக்கி வருவது என்பதால் கணக்கு அதே இடத்துக்கு வந்து நிற்கிறது: ஒரே முறுக்குவிசைக்கு மோட்டாருக்குள் ஒரே வெப்பம். உண்மையான ஆதாயம் கன்ட்ரோலர் பலகைக்குத்தான், குறைந்த மின்னோட்டத்தை அனுப்பினால் போதும் என்பதால் அங்குள்ள மாஸ்ஃபெட் என்ற மின்சுவிட்சுகள் குளிர்ச்சியாக இருக்கும். ஏற்றத்தில் முதலில் கைவிடுவது பெரும்பாலும் மாஸ்ஃபெட்தான் என்பதால் இது சிறிய ஆதாயம் அல்ல. ஆனால் பெருமை சேர வேண்டிய இடம் வேறு.

இன்னொரு திருத்தமும் தேவை. ‘அதிமுறுக்கு’ என்ற பெயர் எல்லா வேகத்துக்கும் பொருந்தாது. குறைந்த வேகத்தில் மின்னோட்ட வரம்பு ஆட்சி செய்கிறது, அங்கே சி38-இன் கை ஓங்கும். வேகம் ஏறியதும் வோல்ட் இடைவெளி ஆட்சிக்கு வருகிறது. அங்கே ஃப்ரீ ஸ்பின் அதிகமுள்ள சி30-இடம்தான் கூடுதல் முறுக்குவிசை மிஞ்சியிருக்கும். 60 கி.மீ. வேகத்தில் எதிர்பாராத மேடு வந்தால் அதிமுறுக்கு வண்டி முந்திக் கைவிடக்கூடும் என்பது பெயரைப் பார்த்து வாங்குபவர் எதிர்பார்க்காத விளைவு. முறுக்குவிசையை ஒற்றை எண்ணாகச் சொல்வது வாட்டை ஒற்றை எண்ணாகச் சொன்ன அதே தவறைத் திரும்பச் செய்வதாகும். வேகத்துக்கு வேகம் மாறும் கோடு அது.

ஏற்றத்தையும் இங்கேயே பார்த்துவிடலாம். 100 கிலோ எடையை 20 சதவீத ஏற்றத்தில் 15 கி.மீ. வேகத்தில் ஏற்ற ஏறத்தாழ 800 வாட் போதும். 1500 வாட் மோட்டாருக்கு அது தூசு என்று தோன்றும். ஆனால் 18 அங்குலச் சக்கரத்தில் அதற்கு 44 நியூட்டன்-மீட்டர் முறுக்குவிசையை நிமிடக்கணக்கில், மெதுவாகச் சுழலும் மோட்டாரிலிருந்து, விடாமல் எடுக்க வேண்டும். வாட் குறைவாக இருக்கும்போதே வண்டி கொதிக்கும் இடம் இதுதான்.

பெடலின் விறைப்பு

நான்காவது தரப்பு, உணர்வைப் படைப்பது மென்பொருள் என்கிறது. பெடல் எவ்வளவு சாய்ந்திருக்கிறது என்று உணரிகள் நொடிக்குப் பலமுறை சொல்ல, கன்ட்ரோலர் அதை நிமிர்த்தத் தேவையான விசையை மோட்டாரிடம் கேட்கிறது. பிகோட் வண்டிகளில் கடினம், நடுத்தரம், மென்மை என்ற நிலைகள் உண்டு. இன்மோஷனில் பெடலின் கூருணர்வைச் செயலியில் கூட்டிக் குறைக்கலாம். கடின நிலையில் பெடல் கற்பலகைபோல அசையாமல் நிற்கும். மென்மை நிலையில் முன்விரலை அழுத்தினால் பெடல் சற்றுத் தாழ்ந்து, பிறகு வண்டி எழும். கடின நிலையே ‘பவர் அதிகம்’ என்று ஓட்டுபவர்கள் சொல்வது வழக்கம்.

இயற்பியல் அதை முழுதாக ஏற்பதில்லை. மோட்டார் சக்கரத்தை முன்னே முறுக்கும்போது பெடலைப் பின்னே முறுக்குகிறது. அதைச் சமன்செய்வது ஓட்டுபவரின் முன்பாத அழுத்தம். சீராக முடுக்கிக்கொண்டிருக்கும் நிலையில், பாதம் எவ்வளவு முறுக்கு தருகிறதோ அவ்வளவுதான் மோட்டாரும் தருகிறது, நிலை கடினமானாலும் மென்மையானாலும். மாறுவது, அந்தச் சமன்பாடு எந்தச் சாய்வில், எவ்வளவு தாமதத்தில் எட்டப்படுகிறது என்பது மட்டும். அதற்காக அந்த உணர்வைப் பொய் என்று தள்ளவும் முடியாது. சில டிகிரிச் சாய்வும் ஒரு நொடியின் சிறு பகுதித் தாமதமும் கணுக்காலுக்கு நன்றாகத் தெரியும். ஒரு வண்டிமேல் நம்பிக்கை பிறப்பதும் போவதும் அங்கேதான்.

எச்சரிக்கையின் தத்துவமும் மென்பொருளைச் சேர்ந்ததே. வரம்பை நெருங்கும்போது பெடலைப் பின்னே சாய்த்து ஓட்டுபவரைக் கட்டாயமாக மெதுவாக்குவது நைன்பாட், இன்மோஷன் வழி. ஒலியெழுப்பி முடிவை ஓட்டுபவரிடமே விடுவது கோட்வேயின் பழைய வழி. பின்னதை ‘கட்டுப்பாடற்ற வலிமை’ என்று புகழ்ந்தவர்கள் உண்டு. இரண்டு வண்டியின் மோட்டாரும் ஒரே வலிமையுடையதாக இருந்தாலும், முதலாவது அடக்கமானதாகவும் இரண்டாவது முரட்டுத்தனமானதாகவும் தோன்றும்.

பாதத்தில் தொடங்கும் வரம்பு

இதுவரை பார்த்த விடைகள் எல்லாம் இயந்திரத்தையே பார்த்தன. அதன்மேல் நிற்கும் உடலை மிகச் சிலரே கணக்கில் எடுத்தார்கள். இந்தத் தரப்பே மற்றவற்றைவிட அதிகம் விளக்குகிறது என்று நினைக்கிறேன்.

70 கிலோ எடையுள்ள ஒருவர் தம் முழு எடையையும் குதிகாலிலிருந்து முன்பாதத்துக்கு மாற்றுகிறார். முன்பாதத்தின் பந்துப் பகுதி சக்கரத்தின் அச்சுக்கு ஏறத்தாழ 10 செ.மீ. முன்னே இருக்கும். 70 கிலோவின் எடை சுமார் 690 நியூட்டன், பத்து செ.மீ. நெம்புகோலில் அது 69 நியூட்டன்-மீட்டர். வெறும் பெடலில் நின்று அவர் மோட்டாரிடம் கேட்கக்கூடிய உச்சம் ஏறத்தாழ அவ்வளவே. 18 அங்குலச் சக்கரத்தில் அது மேலே சொன்ன 300 நியூட்டன் தள்ளுவிசையாகிறது. மோட்டாரால் இதைப்போல் இரு மடங்கு தர முடிந்தாலும் அவரால் அதைக் கேட்க முடியாது. அதே வண்டியில் 95 கிலோ ஆள் ஏறினால் கேட்கக்கூடிய முறுக்கும் கூடுகிறது, தள்ள வேண்டிய எடையும் கூடுகிறது; மோட்டார் தன் எல்லையை முன்னதாகவே தொடும். ஒருவருக்கு ‘எல்லையே இல்லாத’ வண்டி இன்னொருவருக்கு ‘கைவிட்டுவிடும்’ வண்டி ஆவது இப்படித்தான்.

பெடலின் நீளம், பாதத்தை வைக்கும் இடம், பெடல்மேல் உள்ள ஆணிகளின் பிடிப்பு ஆகியவை எல்லாம் இந்த நெம்புகோலைத்தான் மாற்றுகின்றன. இவற்றில் மிகப் பெரிய மாற்றத்தைக் கொண்டுவந்தது பேட். வண்டியின் பக்கவாட்டில் ஒட்டப்படும் கெட்டியான திண்டு அது. காலுக்கு முன்னும் பின்னும், முழந்தாளுக்குக் கீழே அணைத்து நிற்கும். முடுக்கும்போது கணைக்காலின் முன் எலும்பு முன்திண்டை அழுத்துகிறது. பிரேக் பிடிக்கும்போது கெண்டைக்கால் பின்திண்டை அழுத்துகிறது. பாதத்தின் பத்து செ.மீ.க்குப் பதில் காலின் உயரமே நெம்புகோலாகிவிடுகிறது. மோட்டாரில் ஒரு சுற்றுகூட மாறாமல், பேட் ஒட்டிய மறுநாள் வண்டி புதிதாகப் பிறந்தது போலிருக்கிறது என்று சொல்பவர்கள் உண்மையைத்தான் சொல்கிறார்கள். அதே காரணத்தால், மோட்டாரின் எல்லையைத் தாண்டிக் கேட்டுவிடும் ஆபத்தும் பேட்டுடன் சேர்ந்தே வருகிறது. பேட் உள்ள வண்டியையும் இல்லாத வண்டியையும் ஓட்டிப்பார்த்துச் சொல்லும் ஒப்பீடு எதையும் ஏற்பதற்கு முன் இரண்டு முறை யோசிக்க வேண்டும்.

ரப்பர், எடை, ஸ்பிரிங்

டயரைப் பற்றிய கருத்துகளில் சண்டை குறைவு. சக்கரம் சிறிதானால் அதே முறுக்குவிசை அதிகத் தள்ளுவிசையாகும். அதனால்தான் 10 அங்குல எம்டென்3 துள்ளலுக்குப் பேர்போனது. பெரிதானால் பள்ளங்களை விழுங்கும், நேர்கோட்டில் உறுதியாக நிற்கும், திரும்பச் சோம்பும். அகலமும் அப்படியே: 2018-இல் வந்த நைன்பாட் இசட்10 தன் 4.1 அங்குல அகல டயரால் கப்பல்போல நேராகச் சென்றது, வளைவில் ஓட்டுபவருடன் மல்லுக்கட்டியது. காற்றழுத்தத்தைக் கொஞ்சம் குறைத்தாலே திரும்பும் குணம் மாறிவிடும்.

2020-இல் இன்மோஷன் வி11-உம் கிங்சாங் எஸ்18-உம் சஸ்பென்ஷனைக் கொண்டுவந்தபோது புதிய பிளவு உண்டானது. முழங்காலைக் காக்கும் பெரிய முன்னேற்றம் என்றார்கள் ஒரு சாரார். பாதத்துக்கும் சாலைக்கும் இடையிலான செய்தித்தொடர்பை அது மழுங்கடிக்கிறது என்றார்கள் மறு சாரார். இரண்டும் சரியே, ஆனால் எடையை மறந்துவிடுகிறார்கள். மோட்டார் சக்கரத்துக்குள்ளேயே இருப்பதால் ஸ்பிரிங்கால் தாங்கப்படாத எடை இந்த வண்டியில் எப்போதும் அதிகம். நல்ல ஷாக் அப்சார்பரும் ஓரளவுக்குத்தான் உதவும். சுமார் 35 கிலோ எடையுள்ள எஸ்22 கரடுமுரடான பாதையில் அரசன், ரயில் நிலையப் படிக்கட்டில் பாரம்.

தீராமல் இருப்பவை

வாட், வோல்ட், காயில், மென்பொருள், உடல் ஆகிய ஐந்தும் ஒன்றையொன்று மறுக்கவில்லை. வோல்ட் தரப்பு பாதுகாப்பான வேகத்தைப் பற்றியும், காயில் தரப்பு குறைந்த வேகத்து உழைப்பைப் பற்றியும் நம்பகமாகப் பேசுகின்றன. காலடி உணர்வைப் பற்றிப் பேசும் தகுதி பின்னிரண்டு தரப்புகளுக்கே உண்டு. பெயரளவு வாட் இவற்றில் எதற்கும் நேரடி விடை தருவதாகத் தெரியவில்லை.

உணர்வை எண்ணாக்க முடியுமா என்பது திறந்தே இருக்கிறது. பாத அழுத்தத்தையும் பெடல் சாய்வையும் மோட்டார் மின்னோட்டத்தையும் ஒரே நேரத்தில் பதிவுசெய்தால் ‘விறைப்பு’, ‘தாமதம்’ போன்றவற்றுக்கு அளவு கிடைக்கலாம். ஆனால் ஒரே அளவு எல்லா உடலுக்கும் ஒரே உணர்வைத் தரும் என்பதற்கு உறுதி இல்லை. வேகத்தில் ஏற்படும் நடுக்கத்துக்கு டயர் எவ்வளவு காரணம், ஓட்டுபவரின் கால் இறுக்கம் எவ்வளவு காரணம் என்பதிலும் கருத்து ஒன்றுபடவில்லை.

தீர்க்கக்கூடியது ஒன்று உண்டு. முழுச் சார்ஜிலும் 30 சதவீதச் சார்ஜிலும் எந்த வேகத்தில் எவ்வளவு முறுக்குவிசை கிடைக்கும் என்ற கோட்டை உற்பத்தியாளர்கள் வரைந்து வெளியிட வேண்டும். சோதனை மேடையில் அளந்தால் கிடைத்துவிடும் விவரம் இது. அதுவரை வாங்க நினைப்பவர், தம் எடைக்கு நெருங்கிய ஒருவர் ஓட்டும் வண்டியை, பேட்டரி பாதிக்குக் கீழே இறங்கிய பிறகு, ஹெல்மெட்டும் மணிக்கட்டுக் காப்பும் அணிந்து ஓட்டிப்பார்த்து முடிவெடுக்கட்டும்.